எக்மோவில் இருக்கும் அண்ணனை எழுந்து நடக்கச் சொல்கிறார்கள், இது சரிதானா?

தூங்காதவன் கேட்டது:

அண்ணனுக்கு 41 வயது. நுரையீரல் நார் நாராக இறுகிப்போகும் நோய், ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். மூன்று வருடமாக ஆக்சிஜன் இயந்திரத்தோடுதான் வாழ்க்கை. மாற்று நுரையீரலுக்குப் பட்டியலில் பெயர் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் சாதாரணமாக ஒரு சளிக்காய்ச்சல் வந்தது, அதோடு படுத்தவர்தான். முதலில் மூக்கு வழியாக வேகமாகக் காற்றடிக்கும் குழாய், அப்புறம் இறுக்கமான முகமூடி, அதிலும் மூச்சு முட்டி, கார்பன் டை ஆக்சைடு ஏறி மனிதர் உளற ஆரம்பித்ததும் எக்மோ போட்டார்கள், ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரம். இன்றோடு 9 நாள்.

எக்மோ என்றால் மயக்கத்தில் வைத்திருப்பார்கள், நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். இங்கே நடப்பது தலைகீழ். விழித்திருக்கிறார், பேசுகிறார், போர்வையைச் சரியாக மூடவில்லை என்று என்னைத் திட்டுகிறார். நேற்று பிசியோதெரபிஸ்ட் வந்து கட்டிலோரம் உட்காரவைத்துவிட்டு, "நாளைக்கு நாலு அடி நடந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கழுத்தில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு குழாய் போயிருக்கிறது, அது கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

இன்னும் இரண்டு விஷயம் உறுத்துகிறது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 88, 89 என்றுதான் காட்டுகிறது, இவ்வளவு பெரிய இயந்திரம் போட்டும் ஏன் 98 வரவில்லை? யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. ஹீமோகுளோபின் வேறு 7.8. எனக்கும் அவருக்கும் ஒரே குரூப், என் ரத்தத்தை எடுத்து ஏற்றுங்கள் என்றேன். "இப்போதைக்கு வேண்டாம், முடிந்தவரை தள்ளிப்போடுவோம்" என்றார் டாக்டர். அவசரத்தில் இருந்தார், மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதில் வேலை செய்கிறவர்கள், இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வந்துபோகிறவன்:

எக்மோ போட்டாலே கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். கொரோனா சமயத்தில் எத்தனை பேரைப் பார்த்தோம். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நைட்_ட்யூட்டி:

மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தெரியாத விஷயத்தில் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். ஐசியுவில் எக்மோ நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான், 11 வருடமாக. கொரோனாவில் எக்மோ போட்டது நுரையீரல் தானாகத் தேறி வரும் என்ற நம்பிக்கையில். இவர் அண்ணனுக்குப் பழைய நுரையீரல் தேறப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், புதியது வரும்வரை உடம்பைத் தாங்கிப்பிடிக்கத்தான் இயந்திரம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

தம்பி, முதலில் 88 பற்றி. நாளை போகும்போது கழுத்துக் குழாயிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் இரண்டு கிளைகளையும் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒன்றில் ரத்தம் கருஞ்சிவப்பாகப் போகும், மற்றதில் பளிச்சென்று செக்கச்செவேலென்று திரும்பி வரும். நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் இப்படிப் போய்வருகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பெட்டிதான் ஆக்சிஜனேட்டர், உள்ளே மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் குழல்கள், குழலுக்குள் வாயு, வெளியே ரத்தம். ஆனால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் முழுவதையும் இயந்திரத்தால் இழுத்துவிட முடியாது. மிச்சம் அந்த இறுகிப்போன நுரையீரல் வழியாகத்தான் போகிறது, அங்கே ஆக்சிஜன் பெரிதாகக் கிடைக்காது. நல்லதும் கெட்டதும் கலந்துதான் விரலில் மாட்டிய கிளிப்புக்கு வருகிறது, அதனால் 88. உறுப்புகள் நன்றாக வேலை செய்கின்றனவா, சிறுநீர் போகிறதா, ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் கூடும் அமிலம்) ஏறாமல் இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். இவையெல்லாம் சரியாக இருந்தால் 88-ஐ 98 ஆக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது தனிக் கணக்கு. இயந்திரத்துக்குள் விடும் வாயுவின் வேகத்தை ஸ்வீப் என்போம், அதைக் கூட்டினால் நிமிடங்களில் இறங்கிவிடும். உங்கள் அண்ணன் உளறுவதை நிறுத்தியது அதனால்தான்.

இப்போது நடப்பது பற்றி. வென்டிலேட்டர் போட்டால் பெரும்பாலும் மயக்கத்திலோ அரை மயக்கத்திலோ வைக்க வேண்டிவரும். ஃபைப்ரோசிஸ் நுரையீரல் காய்ந்த தோல் மாதிரி விறைப்பாக இருக்கும், அதற்குள் காற்றைத் திணிக்க அதிக அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தமே மிச்சம் மீதியையும் கிழிக்கும். இன்னொன்று தசை. 2008-ல் ஒரு ஆய்வு வந்தது: மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கு அடியில் இருந்து மூச்சை இழுக்கும் தசையை, எடுத்துப் பார்த்தார்கள், அதற்குள்ளேயே தசையிழைகள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்தன. மூன்று நாள் கூட ஆகவில்லை! புது நுரையீரலைப் பொருத்திய பிறகு அதை இழுத்து விரிக்க வேண்டியது அந்தத் தசைதான். 2012-ல் ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவர்கள், விழித்த நிலையில் எக்மோவோடு காத்திருந்தவர்களையும் வென்டிலேட்டரில் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மாற்று நடந்து 6 மாதம் கழித்து முதல் கூட்டத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவதில் 50. ஒரே மருத்துவமனை, இரண்டு பக்கமும் சேர்த்து 60 பேர்தான், அதனால் இதையே வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு பல இடங்களில் ஐசியு நடைமுறையே இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால் உங்கள் அண்ணனை நடக்கச் சொல்வது அறுவைச் சிகிச்சைக்குத் தயார் செய்வதற்கு. கட்டிலிலேயே கிடந்து கால் தசை கரைந்துபோனால், நுரையீரல் கிடைத்தாலும் "இவர் தாங்குவாரா?" என்ற கேள்வி வரும்.

குழாய் நகரும் பயம் எங்களுக்கும் உண்டு, இல்லாவிட்டால்தான் ஆபத்து. தோலோடு பல இடத்தில் தையல் போட்டிருப்பார்கள், நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை கட்டி அதிலும் பிணைத்திருப்பார்கள். நடக்கும்போது ஒருவருக்கு வேறு வேலையே கிடையாது, குழாயில் கை வைத்துக்கொண்டு கூடவே வருவதுதான்.

இரண்டாம்_மூச்சு:

தம்பி, நான் அந்தக் கட்டிலில் 23 நாள் இருந்தவன். இரண்டு நுரையீரலும் மாற்றி நான்காவது வருடம் ஓடுகிறது. டாக்டர், நர்ஸ் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

அந்தக் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். மார்பின் மேல் படும்போது ஏதோ பிராணி படுத்திருப்பது மாதிரித் தோன்றும். நம் ரத்தம்தானே, இயந்திரமே சூடாக்கி அனுப்புகிறது. (இதனால் காய்ச்சல் வந்தாலும் தெரியாதாம், இயந்திரமே உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்துவிடும், கிருமி இருக்கிறதா என்று வேறு விதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.) இருமினால் குழாய் உதறும், பாம்பு துள்ளுகிற மாதிரி, உடனே அலாரம் அடிக்கும். முதல் தடவை செத்தேன் என்று நினைத்தேன். உள்ளே அழுத்தம் மாறி ரத்த நாளத்தின் சுவர் குழாய் வாயில் ஒட்டிக்கொள்வதாம், ஓட்டம் ஒரு கணம் குறைகிறது, இருமல் நின்றால் அதுவும் நின்றுவிடும். அடிக்கடி உதறினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இரவில் நர்ஸ் டார்ச் லைட்டோடு வந்து அந்தப் பெட்டியின் மேல் அடித்து உற்றுப் பார்ப்பார். எதைத் தேடுகிறார் என்று ரொம்ப நாள் கேட்கவில்லை, பயம். ரத்தக் கட்டி. கருப்புப் புள்ளியோ வெள்ளை நூல் மாதிரியோ தெரிகிறதா என்று பார்ப்பதாம். அதிகமானால் பெட்டியை மாற்றுவார்கள். எனக்கு ஒரு தடவை மாற்றினார்கள், இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும், அந்த நேரத்தில் மூச்சு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நடப்பது: முதல் நாள் ஆறு அடி. எனக்கு முன்னால் பிசியோ, பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி நர்ஸ், இயந்திர வண்டியைத் தள்ளிக்கொண்டு பெர்ஃப்யூஷனிஸ்ட் (எக்மோ இயந்திரத்தை ஓட்டுகிறவர்), பின்னால் ஒருவர் சக்கர நாற்காலியோடு. கல்யாண ஊர்வலம் தோற்றுவிடும். நடக்கத் தொடங்கும் முன்னாலேயே ஸ்வீப்பைக் கூட்டிவிடுவார்கள், அதனால் எதிர்பார்த்த அளவு மூச்சு வாங்கவில்லை. ஆறாம் அடியில் முழங்கால் மடங்கியது. கால்தான் வேலை செய்யவில்லை என்று புரிந்த அன்று எனக்கு ஒரு வெறி வந்தது, பத்து நாளில் நடைகூடத்து ஜன்னல்வரை போய் வந்தேன்.

ஒரு எச்சரிக்கை, இரவுகள் மோசம். எனக்குச் சுவரில் எறும்பு ஊர்வது மாதிரியே தெரிந்தது, அதை நர்ஸிடம் புகார் வேறு செய்தேன். ஐசியு குழப்பம் என்பார்கள். பகலில் வெளிச்சம், கடிகாரம், தெரிந்த முகம், இது மூன்றும் இருந்தால் குறையும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியை வைத்துவிட்டு வாருங்கள்.

தூங்காதவன்:

இரண்டாம்_மூச்சு அண்ணா, கண்ணாடி வீட்டிலேயே கிடக்கிறது. நாளை எடுத்துப் போகிறேன். நர்ஸ் மேடம், அந்த இரண்டு நிறம் பற்றிச் சொன்னீர்களே, 9 நாளாக அதே குழாயைத்தான் பார்க்கிறேன், கவனித்ததே இல்லை. ரத்தம் ஏற்றுவது பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்றும் தெரிந்தால் நல்லது.

பம்ப்_பக்கத்தில்:

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அந்த வண்டியைத் தள்ளுகிற ஆள். மின்சாரம் போனால் பேட்டரி இருக்கிறது. அதுவும் போனால் இயந்திரத்தின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் கைப்பிடியைப் பார்த்திருப்பீர்கள், பம்ப் தலையை அதில் மாட்டிக் கையாலேயே சுற்றுவோம். இதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டே இருப்போம். எனக்கு நிஜத்தில் ஒரே ஒரு தடவை சுற்ற வேண்டிவந்தது, மூன்று நிமிடம் இருக்கும், மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

ரத்தம். உங்கள் டாக்டர் தள்ளிப்போடுவது கஞ்சத்தனம் அல்ல. அடுத்தவர் ரத்தம் ஏற்றும்போது அதிலுள்ள வெள்ளணுக்களின் மேல் இருக்கும் எச்எல்ஏ அடையாளங்களை நம் உடம்பு பார்த்துவிடுகிறது. இவன் அந்நியன் என்று குறித்துவைத்துக்கொண்டு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கலாம். நாளை கொடையாளியின் நுரையீரலில் அதே அடையாளம் இருந்தால் அந்த நுரையீரல் உங்கள் அண்ணனுக்கு ஆகாது. எதிர்ப்புப் புரதம் கூடக்கூட அவருக்குப் பொருந்தும் கொடையாளிகளின் வட்டம் சுருங்கும், காத்திருப்பு நீளும், நீண்டால் மறுபடி ரத்தம் குறையும். இந்தச் சுழலில் மாட்டாமல் இருக்கத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு 7.8-ல் நிற்கிறார்கள். ஒரேயடியாக இறங்கினால் ஏற்றத்தான் செய்வார்கள், வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தமாகப் பார்த்து.

அப்புறம் உங்கள் ரத்தம். மனசு புரிகிறது, ஆனால் கூடப்பிறந்தவர் ரத்தம் இந்த விஷயத்தில் அந்நியர் ரத்தத்தைவிட உசத்தி இல்லை. நெருங்கிய உறவு என்றால் பாதி அடையாளம் ஒத்துப்போவதால், கொடுத்தவரின் வெள்ளணு உள்ளே தங்கி, வாங்கியவரின் உடம்பையே தாக்கும் ஒரு அபூர்வமான, ஆனால் உயிருக்கே உலை வைக்கும் சிக்கல் உண்டு. அதனால் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சு காட்டாமல் ஏற்றுவதில்லை.

ரத்தம் ஏன் குறைகிறது என்றும் கேளுங்கள். பம்ப் சுழற்சியில் கொஞ்சம் சிவப்பணு உடையும். கட்டிப்படாமல் இருக்க ஹெப்பாரின் ஓடுகிறது, அதனால் கசிவு. இதெல்லாம் போக, பரிசோதனைக்கு என்று நாளுக்குப் பல தடவை எடுக்கும் ரத்தம் கொஞ்ச நஞ்சமல்ல. சின்னக் குழாயில், குழந்தைகளுக்கு எடுக்கும் அளவில் எடுக்க முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம், நியாயமான கேள்விதான்.

மணல்_கடிகாரம்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் அக்கா 34 நாள் எக்மோவில் இருந்தார். நடந்தார், சிரித்தார், நகத்துக்குப் பாலிஷ் போடச் சொன்னார், ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாது என்று நர்ஸ் சம்மதிக்கவில்லை, கால் விரலுக்குப் போட்டுவிட்டேன். 29-ஆம் நாள் காலை தலைவலி என்றார். மத்தியானம் பேச்சு குழறியது. மூளையில் ரத்தக் கசிவு. ஹெப்பாரினை நிறுத்தினார்கள், நிறுத்தினால் இயந்திரத்தில் கட்டிப்படும், ஓட்டினால் தலையில் கசியும். அன்றே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஐந்து நாள் பற்றி எழுத வேண்டியதில்லை.

யார் மேலும் பழி போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஆறவில்லை. அதற்கு முன்னால் 12 நாள் அவர் பெயர் பட்டியலில் இருந்தும் செயலில் இல்லை. சளியில் ஒரு கிருமி வந்ததால் அது அடங்கும்வரை நிறுத்திவைத்திருந்தார்கள். அது சரியான முடிவாகவே இருக்கலாம், கிருமியோடு மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்கே தெரியும். ஆனால் எங்களிடம் அதைச் சொன்னவர் யாருமில்லை. ஒவ்வொரு தடவை ஃபோன் அடித்தபோதும் நுரையீரல்தான் வந்துவிட்டது என்று ஓடினோம், அந்த 12 நாளில் அது வந்திருக்கவே முடியாது.

அதனால் தம்பி, "பட்டியலில் இருக்கிறாரா?" என்று கேட்காதீர்கள், "இன்றைக்குச் செயலில் இருக்கிறாரா, இல்லையென்றால் எது நடந்தால் மறுபடி சேர்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். எக்மோ ஒரு பாலம், மாற்று நுரையீரல்தான் அக்கரை; அக்கரை இருக்கிறது என்று தெரிந்துதான் பாலம் போடுகிறார்கள், நடுவில் அக்கரை காணாமல் போனால் யார் எப்போது சொல்வார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். முக்கியமாக, அண்ணன் விழித்திருக்கிறார் இல்லையா, அவரிடமே கேளுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று. எங்கள் அக்காவிடம் கேட்க 28 நாள் இருந்தது, அபசகுனம் என்று கேட்கவில்லை.

நைட்_ட்யூட்டி:

மணல்_கடிகாரம் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். கசிவும் கட்டியும் கிருமியும்தான் எங்கள் மூன்று எதிரிகள், நாள் கூடக்கூட மூன்றும் கூடும்.

தூங்காதவன்:

மணல்_கடிகாரம் அக்கா (அண்ணனா தெரியவில்லை), நன்றி. படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து இதை எழுதுகிறேன்.

ஒரு முட்டாள்தனமான கேள்வி. பழைய நுரையீரலில்தான் கிருமி என்றால், அதை எடுத்துவிட்டு இயந்திரத்திலேயே வைத்திருக்க முடியாதா? இயந்திரத்தோடே வீட்டுக்கு அனுப்ப முடியாதா?

பம்ப்_பக்கத்தில்:

முட்டாள்தனம் இல்லை, செய்திருக்கிறார்கள். 2016-ல் கனடாவின் டொராண்டோவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (பெயர்தான் ஒத்திருக்கிறது, உங்கள் அண்ணனுடையது அல்ல, இது பிறவி நோய்) நோயாளி ஒருவருக்கு நுரையீரல் கிருமி உடம்பெங்கும் பரவி உறுப்புகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தபோது இரண்டு நுரையீரலையும் எடுத்துவிட்டார்கள். 6 நாள் நுரையீரலே இல்லாமல் இருந்தார், அப்புறம் மாற்று கிடைத்து வீடு திரும்பினார். ஆனால் வேறு வழியே இல்லாத நிலையில் எடுத்த துணிச்சல் அது. நுரையீரல் என்பது இதயத்தின் வலது பக்கத்திலிருந்து வரும் மொத்த ரத்தத்தையும் வாங்கிக்கொள்ளும் பாத்திரம், அதை எடுத்துவிட்டால் அந்த ரத்தம் போக வழி செய்ய வேண்டும், வெறும் கழுத்துக் குழாயால் ஆகாது. கிருமி இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் செய்கிற காரியம் இல்லை.

வீட்டுக்குப் போகும் இயந்திரம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் மாதிரி ஏன் இல்லை என்று கேட்பார்கள். டயாலிசிஸ் சில மணி நேர வேலை, மூச்சு ஒரு நிமிடம்கூட விடுமுறை எடுக்காது. ஆனால் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்றும் பாருங்கள். 1971-ல் பெரியவர் ஒருவருக்கு இப்படி ஒரு இயந்திரம் முதன்முதலாகப் பலித்தபோது ஓடியது 75 மணி நேரம். இப்போது வாரக்கணக்கில் ஓட்டுகிறோம், அதுவும் நடக்கவைத்து. நுரையீரல் மாற்றே 1963-ல் முதலில் செய்தபோது நோயாளி இருந்தது 18 நாள், 1983-ல் டொராண்டோவில்தான் முதன்முதலாக ஒருவர் வருடக்கணக்கில் வாழ்ந்தார்.

இன்னொன்று, ஃபோன் வந்தாலும் உறுதி இல்லை. நுரையீரலை எடுக்கப் போன குழு அதை நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்புவது சர்வசாதாரணம்.

இரண்டாம்_மூச்சு:

எனக்கு இரண்டு தடவை அப்படி. முதல் தடவை ஷேவ் எல்லாம் செய்து, ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அன்று ராத்திரி பட்டினி போட்டதுதான் மிச்சம். மூன்றாவது தடவை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவே வேண்டாம் என்றேன், அதுதான் நடந்தது.

தூங்காதவன்:

இன்று நடந்தார். 7 அடி. எட்டாவது வைக்கும் முன் இருமல் வந்து குழாய் உதறியது, அலாரம் அடித்தது, என் முகத்தைப் பார்த்துவிட்டு "நீ ஏன்டா இப்படி முழிக்கிறாய்?" என்றார். அவருக்கு நேற்றே இரண்டாம்_மூச்சு எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் அவர் அசரவில்லை. கண்ணாடி போட்டதும் முதலில் பார்த்தது கடிகாரத்தைத்தான், இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறதாம்.

டாக்டரிடம் செயலில் இருக்கிறாரா என்று கேட்டேன். வியாழக்கிழமையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம், சளிப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை வருகிறது, அது சுத்தமாக இருந்தால் அன்றே மறுபடி சேர்ப்பார்கள். ரத்தம் சின்னக் குழாயில் எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். மணல்_கடிகாரம் சொன்ன கடைசிக் கேள்வியை இன்னும் அண்ணனிடம் கேட்கவில்லை. நாளை மத்தியானம் அண்ணி இருக்கும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன்.